தென்னாப்பிரிக்கா பையர் பி.இ.இ. சான்று கேட்கிறார்: கோவை பம்ப் கம்பெனி எதைக் கொடுக்கோணும்?

கணபதி_மோட்டார்

வணக்கமுங்க. எங்க யூனிட் கணபதியில. போர்வெல்லுக்கு இறக்கற 4 இஞ்ச், 6 இஞ்ச் சப்மெர்சிபிள் பம்ப் செய்யறோம். டர்பன்ல ஒரு டிஸ்ட்ரிபியூட்டருக்கு கன்டெய்னர்ல அனுப்பறோம். இந்த வருசம் அவங்க அனுப்பின வெண்டார் ஃபாரத்துல "பி-பிபிஇஇ லெவல் என்ன, சான்றிதழ் இணைக்கவும்"னு ஒரு கட்டம் இருக்குது. பி.இ.இ., பி-பிபிஇஇ ரெண்டும் அங்க கறுப்பின மக்களைத் தொழில்ல முன்னேத்தறதுக்கான சட்டத்தோட சுருக்கப் பேராம். அதை நிரப்பாம அடுத்த பி.ஓ. (ஆர்டர்) வராதுன்னு சொல்றாங்க.

இது ஒரு பக்கம். அங்கயே ஒரு பிரைவேட் கம்பெனி ஆரம்பிச்சு, மோட்டாரையும் பம்ப்பையும் தனித்தனியா அனுப்பி, அங்க அசெம்பிள் பண்ணி, முனிசிபாலிட்டி குடிநீர் டெண்டர்ல கலந்துக்கலாம்னு ஒரு யோசனையும் இருக்குது. முதல் வருச விற்பனை 80 லட்சம் ராண்ட், மூணாவது வருசம் 3 கோடி ராண்ட்னு கணக்குப் போட்டிருக்கோம்.

தெரிஞ்சவங்க சொல்லுங்க. இப்ப அந்தக் கட்டத்துல என்ன எழுதறது? புதுக் கம்பெனிக்கு எந்த லெவல் கிடைக்கும்? அந்தச் சட்டத்துல "இந்தியர்"களும் கறுப்பினத்தவர் கணக்குல வருவாங்கன்னு படிச்சேன். அப்ப எங்க டைரக்டர்களே போதுமா? கடைசியா ஒண்ணு. டிஸ்ட்ரிபியூட்டர் ஆபீஸ்ல வேலை செய்யற ஒருத்தர் பேர்ல 51% பங்கை எழுதி வெச்சா லெவல் 2 வந்துரும், அவருக்கு மாசம் ஒரு தொகை கொடுத்தாப் போதும்னு சொல்றாங்க. இது சரிப்படுமுங்களா?

நொய்யல்_ஏற்றுமதி

இந்தியர் கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் பலர் அங்கேதான் தடுமாறுகிறார்கள். 2003-ஆம் ஆண்டின் 53-ஆம் சட்டம், அதாவது பரந்த அடிப்படையிலான கறுப்பின மக்கள் பொருளாதார வலுவூட்டல் சட்டம், "கறுப்பின மக்கள்" என்று ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகிய மூவரையும் சேர்த்துச் சொல்கிறது. ஆனால் அவர்கள் பிறப்பாலோ வம்சாவளியாலோ தென்னாப்பிரிக்கக் குடிமக்களாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 27.4.1994-க்கு முன்பே குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். அதற்குப் பின் பெற்றவர் என்றால், அந்தத் தேதிக்கு முன்பே பெறும் தகுதி இருந்தவர் என்று காட்ட வேண்டும். 1860-ல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் போய் நேட்டால் கரும்புத் தோட்டங்களில் இறங்கியவர்களின் வழிவந்த டர்பன் தமிழர்கள் இதில் வருவார்கள். கோவையில் பிறந்து இன்று விசா வாங்கிப் போகிற நம் டைரக்டர் வர மாட்டார். நாளை அங்கே குடியுரிமையே வாங்கினாலும் வர மாட்டார். நிறவெறி ஆட்சி யாரிடமிருந்து பறித்ததோ அவர்களுக்கான சட்டம் இது. தேதி அதனால்தான் அவ்வளவு கறாராக இருக்கிறது.

இப்போது சான்று. நீங்கள் கோவையிலிருந்து ஏற்றுமதி மட்டும் செய்கிறீர்கள், அங்கே கம்பெனி இல்லை, கிளை இல்லை. அப்படியானால் உங்களை அந்தச் சட்டப்படி மதிப்பெண் போட்டு அளக்கவே முடியாது. உங்களுக்கென்று ஒரு சான்று கிடையாது. யாராவது பணம் வாங்கிக்கொண்டு "வெளிநாட்டு சப்ளையர் சான்று" தருகிறேன் என்றால் அது வெறும் காகிதம்.

பையர் ஏன் கேட்கிறார் என்பது புரிந்தால் என்ன கொடுக்கலாம் என்பதும் புரியும். அவருக்கும் இதே சட்டப்படி மதிப்பெண் போட்டு லெவல் தருவார்கள், 1 உயர்ந்தது, 8 கடைசி. அந்த மதிப்பெண்ணில் பெரிய பங்கு கொள்முதலில் இருக்கிறது. லெவல் 1 சப்ளையரிடம் 100 ராண்டுக்கு வாங்கினால் 135 ராண்டாகக் கணக்கு ஏறும். லெவல் 2 என்றால் 125, லெவல் 3 என்றால் 110, லெவல் 4 என்றால் 100. அதற்குக் கீழே சரசரவென்று இறங்கும்: 80, 60, 50, லெவல் 8-க்கு வெறும் 10. லெவல் இல்லாதவரிடம் வாங்கியது 0. உங்கள் இன்வாய்ஸ் முழுவதும் அவருடைய மொத்தக் கொள்முதலில் சேர்கிறது, மதிப்பெண்ணில் ஒரு பைசா சேர்வதில்லை. அவருக்கு வலிக்கிற இடம் அது.

ஆனால் இறக்குமதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதே பொருள் அங்கே தயாராகவில்லை என்றாலோ, தயாராகிற பொருளின் தொழில்நுட்ப விவரம் வேறு என்றாலோ, அந்த இறக்குமதியை மொத்தக் கொள்முதலிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாக, இறக்குமதியை உள்ளூர் உற்பத்தியாக மாற்ற உதவும் ஒரு சப்ளையர் மேம்பாட்டுத் திட்டத்தைப் பையர் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். இங்கேதான் நீங்கள் உதவ முடியும். ஒவ்வொரு மாடலுக்கும் ஹெட், டிஸ்சார்ஜ், மோட்டார் வகை, வெளி விட்டம், எந்த மெட்டீரியல் என்று ஒரு தொழில்நுட்பத் தாள் தயார் செய்து அனுப்புங்கள். அவருடைய சரிபார்ப்பு ஏஜென்சி (லெவலைச் சரிபார்த்துச் சான்று தரும் நிறுவனம்) கேட்கும்போது அவர் கையில் காட்ட ஏதாவது இருக்கும்.

ஈரோடு_ஆடிட்

புதுக் கம்பெனி விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ஒன்று: தென்னாப்பிரிக்காவில் தனியார் கம்பெனியை 100% வெளிநாட்டவரே வைத்திருக்கலாம். பி.இ.இ. லெவல் இல்லாவிட்டால் அபராதமும் இல்லை. அரசிடம் டெண்டர், லைசென்ஸ் என்று போகும்போதும், அரசுக்கு விற்கிற கம்பெனிகளிடம் போகும்போதும்தான் அது கணக்குக்கு வரும். அரசு பெரிய கம்பெனியைக் கேட்கும், அது தன் சப்ளையரைக் கேட்கும், அவர் உங்களைக் கேட்பார். சட்டம் சங்கிலி மாதிரி கீழே இறங்குவது இப்படித்தான்.

அளவு மூன்று வகை. ஆண்டு விற்பனை 1 கோடி ராண்ட் வரை இ.எம்.இ. எனும் மிகச் சிறு நிறுவனம். 1 கோடியிலிருந்து 5 கோடி வரை க்யூ.எஸ்.இ., அதாவது அடுத்த அளவுச் சிறு நிறுவனம். அதற்கு மேல் முழு ஸ்கோர்கார்டு எனும் மதிப்பெண் பட்டியல். இது பொதுக் கோட், அதாவது பொதுவான விதித்தொகுப்பு. கட்டுமானத் துறைக்குத் தனிக் கோட், அதில் இ.எம்.இ. வரம்பு குறைவு. நீங்கள் பம்ப் விற்பதோடு நிற்காமல் பைப்லைன் போட்டுக் கொடுக்கும் வேலையும் எடுத்தால் எந்தக் கோடில் வருவீர்கள் என்பதை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள்.

80 லட்சம் ராண்ட் விற்பனை என்றால் நீங்கள் இ.எம்.இ. கறுப்பினப் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லாவிட்டாலும் இ.எம்.இ.-க்கு லெவல் 4 தானாகவே உண்டு. 51% இருந்தால் லெவல் 2, 100% இருந்தால் லெவல் 1. நடுவில் எதுவும் கிடையாது: 10% கொடுத்தாலும் 40% கொடுத்தாலும் லெவல் 4-தான். ஆகவே முதல் வருடம் முழுக்க உங்கள் பங்கே இருந்தாலும் பையருக்கு 100-க்கு 100 கணக்கு ஏறும். அவசரப்பட்டு யார் பெயரிலாவது எழுதி வைக்க வேண்டிய தேவையே இல்லை.

இதற்கு ஏஜென்சி சரிபார்ப்பும் வேண்டாம். ஓத் கமிஷனர் (உறுதிமொழி வாங்கும் அதிகாரி) முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் போதும். அங்கே போலீஸ் ஸ்டேஷனிலேயே ஓத் கமிஷனர் இருப்பார், கட்டணம் இல்லை. 12 மாதம் செல்லும். பத்திரம் தள்ளுபடி ஆவது பெரும்பாலும் சில்லறைக் காரணங்களால்தான். நிதியாண்டு முடிவை "2025" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். நாள், மாதம், வருடம் மூன்றும் வேண்டும். கையெழுத்திட்ட தேதியும் கமிஷனர் முத்திரைத் தேதியும் வேறாக இருக்கும். ஆண், பெண் பங்கு சதவீதக் கட்டங்களைக் காலியாக விட்டிருப்பார்கள். பங்கு இல்லையென்றால் 0 என்று எழுத வேண்டும். இ.எம்.இ. படிவத்துக்குப் பதில் க்யூ.எஸ்.இ. படிவத்தில் எழுதியிருப்பார்கள். கம்பெனியில் சொந்த ஆதாயம் உள்ள ஒருவரே கமிஷனராகக் கையெழுத்திட்டிருப்பார். இதில் ஒன்று இருந்தாலும் பத்திரம் செல்லாது.

கவனம் வேண்டிய இடம் இன்னொன்று. புதுக் கம்பெனி முதல் வருடம் இ.எம்.இ. மாதிரிதான் நடத்தப்படும். ஆனால் 1 கோடி ராண்டுக்கு மேற்பட்ட டெண்டருக்குப் போனால் அன்றே க்யூ.எஸ்.இ. ஸ்கோர்கார்டு காட்ட வேண்டும். 5 கோடிக்கு மேல் என்றால் முழு ஸ்கோர்கார்டு. "விற்பனை 95 லட்சத்தைத் தாண்டும்போது இன்னொரு பெயரில் இன்னொரு கம்பெனி" என்று நம் பக்கம் செய்கிற பழக்கம் அங்கே எடுபடாது. வரம்புக்குள் நிற்பதற்காகக் கம்பெனியைப் பிரிப்பதைக் கோடே குற்றம் என்கிறது.

டெண்டர் கணக்கு இப்படி. 5 கோடி ராண்ட் வரை 80/20, அதற்கு மேல் 90/10. விலைக்கு 80 புள்ளி, மீதி 20 முன்னுரிமைக்கு. விலைப் புள்ளி = 80 × (1 − (உங்கள் விலை − குறைந்த விலை) ÷ குறைந்த விலை). குறைந்த விலை 10 லட்சம், உங்களது 10.5 லட்சம் என்றால் 76. முன்னுரிமை 20 புள்ளியை 2017 விதிகள் லெவல் வாரியாகப் பிரித்தன: லெவல் 1-க்கு 20, லெவல் 2-க்கு 18, லெவல் 4-க்கு 12. அந்த அட்டவணைப்படி பார்த்தால், நீங்கள் லெவல் 4, எதிரில் லெவல் 1 என்றால் 8 புள்ளி வித்தியாசம். அவர் விலை உங்களுடையதைவிட 10% வரை அதிகமாக இருந்தாலும் ஜெயிப்பது அவர். 10%-ஐத் தாண்டினால் நீங்கள்.

ஆனால் 2017 விதிகளை நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. 16.1.2023 முதல் நடப்பில் உள்ள 2022 விதிகளில், அந்த 20 புள்ளியை எதற்குக் கொடுப்பது என்று ஒவ்வொரு அரசு அமைப்பும் தானே முடிவு செய்து டெண்டர் ஆவணத்தில் எழுத வேண்டும். ஓரிடத்தில் லெவல் கேட்பார்கள், இன்னோரிடத்தில் பெண்கள் பங்கு, இளைஞர் பங்கு, அந்த முனிசிபல் எல்லைக்குள் கம்பெனி இருக்கிறதா என்று கேட்பார்கள். முனிசிபாலிட்டி என்றால் எம்.பி.டி. 6.1 படிவத்தைப் பாருங்கள். 20 புள்ளியும் எப்படிப் பிரிகிறது என்பது அதில் இருக்கும். ஆதாரம் இணைக்க மறந்தால் அந்தப் புள்ளி 0. இதற்கு மேல் 2024-ல் புதுப் பொதுக் கொள்முதல் சட்டமும் கையெழுத்தாகியிருக்கிறது. அதன்படி விதிகள் மாறும். ஆகவே ஒவ்வொரு டெண்டருக்கும் அன்று என்ன விதி என்று பார்த்துத்தான் விலை போட வேண்டும்.

மத்திய சப்ளையர் டேட்டாபேஸில் பதிவு, வரி நிலுவை இல்லை என்று காட்டும் பின் நம்பர், இவை இரண்டும் இல்லாமல் எந்த லெவலும் உதவாது.

சிங்காநல்லூர்_சட்டம்

அந்த 51% யோசனை பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. நேராகச் சொல்கிறேன்: செய்யாதீர்கள். நம் ஊரில் பினாமி என்கிறோமே, அதேதான். அங்கே "ஃப்ரன்டிங்" என்பார்கள். 2013-ல் வந்த திருத்தம் அதைக் குற்றமாக்கியது. தெரிந்தே செய்தவருக்கு 10 ஆண்டு வரை சிறை, கம்பெனிக்கு ஆண்டு விற்பனையில் 10% வரை அபராதம். தண்டனை பெற்றால் 10 ஆண்டுக்கு அரசுடன் எந்த வியாபாரமும் இல்லை. விசாரிக்கத் தனி ஆணையம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். டெண்டரில் தோற்ற போட்டியாளரும் கொடுக்கலாம்.

உங்கள் தொழிலிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. கேப்டவுன் மாநகராட்சியின் தண்ணீர் சுத்திகரிப்பு நிலைய டெண்டர்களில் வைக்கிங் போனி ஆப்பிரிக்கா பம்ப்ஸ் என்ற கம்பெனிக்கு எதிராக ஹைட்ரோ-டெக் புகார் செய்தது: காகிதத்தில் பெரும்பான்மைப் பங்கு வைத்திருப்பவர்களுக்கு அதற்கேற்ற அதிகாரமும் வருமானமும் போகவில்லை என்று. 2010-ல் அரசியல் சாசன நீதிமன்றம், நம்பத்தக்க புகார் வந்தால் மாநகராட்சி விசாரித்து நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்றது. புகாரைக் கோப்பில் போட்டு மூடி வைக்க முடியாது.

வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கு இன்னும் நெருக்கமானது ஸ்விஃபாம்போ வழக்கு. பயணிகள் ரயில் நிறுவனத்துக்கு எஞ்சின் வாங்கும் சுமார் 350 கோடி ராண்ட் ஒப்பந்தம். பெயருக்கு உள்ளூர் கம்பெனி, வேலை முழுவதும் ஸ்பெயின் தயாரிப்பாளர் கையில். 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஒப்பந்தத்தை ரத்து செய்த தீர்ப்பை உறுதி செய்தது. உள்ளூர் பங்காளிக்கு உண்மையான வேலையும் இல்லை, தொழில் கற்றுக்கொள்ள வழியும் இல்லை என்பதுதான் அதில் முக்கியமான குறை.

எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள்? செக்கில் கையெழுத்திடும் உரிமை யாருக்கு, போர்டு மினிட்ஸில் அவர் பேசியது என்ன, டிவிடெண்ட் அவர் கணக்குக்கு எவ்வளவு போனது என்று பார்ப்பார்கள். தேதி போடாத பங்கு மாற்றுப் படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைத்திருப்பது, "கம்பெனி கேட்டால் 1 ராண்டுக்குப் பங்கைத் திருப்பித் தர வேண்டும்" என்று தனி ஒப்பந்தம் போட்டிருப்பது, பங்குக்குப் பதில் மாதம் ஒரு நிலையான தொகை கொடுப்பது, இவை மூன்றும் நேரடிச் சாட்சி. உங்களிடம் சொல்லப்பட்ட யோசனையில் மூன்றாவது அப்படியே இருக்கிறது.

சட்டம் போகட்டும். அந்த ஊழியருக்கு நடப்பது என்னவென்று பாருங்கள். அவர் பெயரில் கோடிக்கணக்கில் டெண்டர், கையில் ஒரு சம்பளத் தொகை, கம்பெனி கடன் வாங்கினால் டைரக்டர் என்ற பொறுப்பு அவர் தலையில். எவருக்காகச் சட்டம் வந்ததோ அவரையே மறுபடி கூலியாளாக நிறுத்துகிற வேலை இது.

கணபதி_மோட்டார்

ரொம்ப நன்றிங்ணா. அந்த யோசனை வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். அப்ப மூணாவது வருசம் 3 கோடி ராண்ட் ஆகும்போது பங்கே கொடுக்காம மத்த விஷயத்துல மார்க் வாங்கித் தாட்ட முடியுமுங்களா? பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு பங்குக்குப் பதிலா வேற வழி இருக்குதுன்னும் கேள்விப்பட்டோம்.

ஈரோடு_ஆடிட்

முடியும், ஆனால் லெவல் தேறாது. க்யூ.எஸ்.இ. ஸ்கோர்கார்டில் உரிமைப் பங்கு 25, நிர்வாகம் 15, திறன் வளர்ப்பு 25, சப்ளையர் மேம்பாடும் கொள்முதலும் 30, சமூகப் பணி 5. பங்கு 0 என்றால், போனஸ் புள்ளிகளை விட்டுப் பார்த்தால் மீதியில் 75 வாங்குவதே உச்சம். மற்ற எல்லாவற்றிலும் முழு மார்க் வாங்கினாலும் லெவல் 5. அதோடு, பங்கு என்பது முன்னுரிமைப் பிரிவு. அதில் குறைந்தபட்ச 40% எடுக்காவிட்டால் ஒரு லெவல் இறக்குவார்கள், ஆக லெவல் 6. யாரும் எல்லாவற்றிலும் முழு மார்க் வாங்குவதில்லை. நடைமுறையில் 55 முதல் 70 வந்தால் லெவல் 7, இறக்கி லெவல் 8. பையருக்கு 100 ராண்டுக்கு 10 ராண்ட்தான் கணக்கு. இரண்டாம் வருடம் வரை லெவல் 4 காட்டிய கம்பெனி மூன்றாம் வருடம் திடீரென்று லெவல் 8 என்றால் வாடிக்கையாளர் நிற்க மாட்டார். இந்தப் பள்ளத்தைப் பலர் முன்கூட்டிப் பார்ப்பதில்லை.

பங்குக்குப் பதிலான வழி உண்மைதான். உலகம் முழுக்க எங்கேயும் பங்கு விற்பதில்லை என்ற கொள்கை உள்ள பன்னாட்டுக் கம்பெனிக்கு, அங்குள்ள கிளையின் மதிப்பில் 25% அல்லது ஆண்டு வருமானத்தில் 4% அளவுக்கு அரசு ஒப்புதலுடன் ஒரு திட்டத்தில் முதலீடு செய்யலாம். பி.எம்.டபிள்யூ, ஃபோர்டு, டொயோட்டா மாதிரி கார் கம்பெனிகள் சேர்ந்து நிதி வைத்தது இதன் கீழ்தான். 3 கோடி ராண்ட் விற்பனைக் கம்பெனிக்கு இது பொருந்தாது.

உங்களுக்கு நான் சொல்வது: கம்பெனி பதிவு செய்கிற அன்றே உண்மையான பங்காளியை 25 முதல் 30% வரை சேருங்கள். முதல் இரண்டு வருடம் இதனால் லெவல் ஏறாது, லெவல் 4 அப்படியேதான் இருக்கும். ஆனாலும் இன்றே சேர்க்கச் சொல்வதற்குக் காரணம் பங்கின் விலை. தொடக்க மூலதனம் 4 லட்சம் ராண்ட் என்றால் 25%-க்கு அவர் போட வேண்டியது 1 லட்சம். அதைச் சொந்தப் பணமாகவே போட முடியும், கடன் வேண்டாம். மூன்று வருடம் கழித்து கம்பெனி மதிப்பு 1 கோடி ஆனபின் விற்றால் அதே 25% பங்கு 25 லட்சம். அவ்வளவு பணத்தை யாரும் கையில் வைத்திருக்க மாட்டார்கள். உங்களிடமே கடன் வாங்கித்தான் பங்கு வாங்குவார், அங்கேதான் சிக்கல் தொடங்கும்.

பங்குக்கான 25 புள்ளியில் 8 புள்ளி "நிகர மதிப்பு"க்கு. பங்கின் மதிப்பில் கடனைக் கழித்த பிறகு அவருடையது எவ்வளவு என்று பார்ப்பார்கள். இலக்கு 25%, அது வருடத்துக்கு வருடம் ஏறும்: முதல் வருடம் அதில் 10%, இரண்டாம் வருடம் 20%, 3, 4-ஆம் வருடங்களில் 40%, 5, 6-ல் 60%, 7, 8-ல் 80%, 9, 10-ல் முழுசும். குறைந்தபட்சம் அந்த இலக்கில் 40% எட்ட வேண்டும். 1 கோடி ராண்ட் மதிப்புள்ள கம்பெனியில் முதல் வருடம் 1 லட்சம், ஐந்தாம் வருடம் 6 லட்சம், ஒன்பதாம் வருடம் 10 லட்சம் ராண்ட் கடன் நீங்கிய பங்கு அவரிடம் இருக்க வேண்டும். டிவிடெண்டே கொடுக்காமல் லாபத்தை எல்லாம் டிரான்ஸ்ஃபர் விலையில் (கோவைக் கம்பெனி புதுக் கம்பெனிக்குப் போடும் விலையில்) கோவைக்கு எடுத்து வந்தால் அவர் கடன் அடையாது, வட்டிதான் ஏறும். ராண்ட் விழுந்து சரக்கு விலை கூடி கம்பெனி மதிப்பு இறங்கினால் கடன் பங்கைவிடப் பெரிதாகிவிடும். அன்று லெவலும் இறங்கும், பங்காளிக்கும் ஒன்றும் மிஞ்சாது.

பங்காளி பெண்ணாக இருந்தால் தனிப் புள்ளி உண்டு. இங்கிருந்து பணம் அனுப்ப உங்கள் பேங்கில் ஃபாரம் எஃப்.சி. எனும் வெளிநாட்டு முதலீட்டுப் படிவம், வருடா வருடம் டிசம்பர் 31-க்குள் ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கை. இதை விட்டால் அடுத்த முதலீட்டை பேங்க் நிறுத்திவிடும்.

அவிநாசி_ரோடு

எல்லோரும் சான்று, புள்ளி என்று பேசுகிறோம். இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துகொண்டு போனால் அங்கே பங்காளியோடு பேசும் தொனியே மாறும்.

1913 நிலச் சட்டம் நாட்டின் பெரும்பான்மை ஆப்பிரிக்க மக்களுக்கு நிலத்தில் சுமார் 7%-ஐத்தான் விட்டது; 1936-ல் அது ஏறத்தாழ 13% ஆனது. சுரங்கத்தில் திறமையான வேலைகள் வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். 1950 குழுப் பகுதிச் சட்டத்தில் கடையையும் வீட்டையும் இடம் பெயர்த்தார்கள்; டர்பன் இந்திய வியாபாரிகளும் அதில் அடிபட்டவர்கள்தான். 1953 பாண்டு கல்விச் சட்டம் பிள்ளைகள் படிப்பையே கீழ்வேலைக்கு ஏற்ற அளவில் நிறுத்தியது. நிலமில்லை என்றால் அடமானம் வைக்க ஏதுமில்லை, அடமானம் இல்லையென்றால் கடனில்லை, கடனில்லையென்றால் தொழிலில்லை. 1996 அரசியல் சாசனத்தின் 9(2) பிரிவு இப்படி விலக்கி வைக்கப்பட்டவர்களை முன்னேற்ற நடவடிக்கை எடுக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது.

முதலில் வந்த பங்கு ஒப்பந்தங்களில் அரசியல் தொடர்புள்ள சிலரே மறுபடி மறுபடி பங்காளி ஆனார்கள் என்ற விமர்சனம் சரியானது. 2003 சட்டத்தின் பெயரிலேயே "பரந்த அடிப்படை" வந்ததும், பங்கோடு திறன் வளர்ப்பு, சிறு சப்ளையர் என்று சேர்த்ததும் அதற்குப் பதிலாகத்தான். உங்கள் அசெம்பிளி யூனிட்டில் வைண்டிங், டெஸ்ட் பெஞ்ச் வேலையை உள்ளூர் இளைஞர்களுக்கு முறையாகக் கற்றுக் கொடுத்தால் அது புள்ளியும் தரும், நாளை சர்வீஸ் செய்ய ஆளும் தரும். பங்கைவிட இது அதிகம் பேரைத் தொடும் என்பது என் எண்ணம்.

இங்கேயும் இதே கேள்வி இருக்கிறது. கொங்கு வட்டாரத்தில் அருந்ததியர் குடும்பங்கள் நிலம் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக இருந்தது எல்லோரும் அறிந்தது. 2009-ல் தமிழ்நாடு கல்வியிலும் அரசு வேலையிலும் 18%-க்குள் 3% உள்ஒதுக்கீடு கொடுத்தது. உள்ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1.8.2024-ல் சொன்னது. தொழிலில்? மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கொள்முதலில் 25% குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும், அதில் 4% எஸ்.சி., எஸ்.டி. உரிமையாளர்களிடம், 3% பெண்களிடம். பங்குதாரர் தொழிலோ பிரைவேட் லிமிடெடோ, 51% பங்கு அவர்களிடம் இருக்க வேண்டும். உத்யம் பதிவும் சாதிச் சான்றும் போதும். குறைந்த விலைக்கு மேல் 15%-க்குள் விலை சொல்லியிருந்தால், குறைந்த விலைக்கு இறங்கி 25% வரை சப்ளை பண்ணலாம். தமிழ்நாட்டில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35% முதலீட்டு மானியம், உச்சம் ரூ. 1.5 கோடி, அதோடு 6% வட்டி மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பம்.

உங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் வார்ப்பு, கடைசல் பட்டறைகளில் இப்படித் தகுதி உள்ளவர்கள் இருந்தால் சொல்லுங்கள். சேலம் உருக்காலை மாதிரி இடங்களுக்கு அவர்களே நேராகச் சப்ளை செய்யலாம். நம் ஊரிலும் பெயரை மட்டும் கடன் வாங்கும் பழக்கம் உண்டு. அதைச் செய்தால் அந்த 4% யாருக்காக வந்ததோ அவரிடமிருந்து திருடுவதுதான்.

கணபதி_மோட்டார்

புரிஞ்சுதுங்க. ஜாப் ஒர்க் பட்டறைக்காரங்க ரெண்டு மூணு பேர்கிட்ட இந்த வாரமே பேசறோம். வெண்டார் ஃபாரத்துல இப்போதைக்கு என்ன எழுதோணும்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா அனுப்பிருவோம்.

நொய்யல்_ஏற்றுமதி

லெவல் கட்டத்தில் எந்த நம்பரும் போடாதீர்கள். "லெவல் 4" என்று எழுதினால் அது தவறான தகவல். அதற்கும் தண்டனை உண்டு. "பொருந்தாது" என்று எழுதி, லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் இணையுங்கள். அதில் வர வேண்டியது: கம்பெனி இந்தியாவில் பதிவானது, தென்னாப்பிரிக்காவில் கிளையோ நிரந்தர அலுவலகமோ ஊழியரோ இல்லை, ஆகவே சட்டத்தின் கீழ் அளக்கப்படும் நிறுவனம் அல்ல; எந்த மாடல்கள், எந்த ஹெச்.எஸ். கோடில் (சுங்க வகைப்பாட்டு எண்) போகின்றன; தொழில்நுட்பத் தாள்கள் இணைப்பு; இறக்குமதி விலக்குக்கு உங்கள் சரிபார்ப்பு ஏஜென்சி கேட்கும் கூடுதல் விவரம் 7 நாளில் தருவோம். டைரக்டர் கையெழுத்து, தேதி, சீல்.

அதே மெயிலில், அவர்களுடைய அளவீட்டு ஆண்டு எந்த மாதம் முடிகிறது என்று கேளுங்கள். பிப்ரவரியில் முடிகிறது என்றால் தாள்கள் ஜனவரிக்குள் அவர்கள் கையில் இருக்க வேண்டும். ஆண்டு முடிந்த பிறகு கொடுத்தால் அந்த வருடக் கணக்கில் சேர்ப்பது கஷ்டம். புதுக் கம்பெனி பதிவானதும் இந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்று, உறுதிமொழிப் பத்திரத்தைப் புதுக் கம்பெனி பெயரில் புது வெண்டாராகக் கொடுங்கள். பழைய வெண்டார் நம்பரின் கீழ் போட்டால் இரண்டு கம்பெனியின் பில்லும் கலந்து, விலக்கும் போகும், லெவல் 4-ம் ஏறாது.